சாவிக்கொத்து யார் கையில்?

வலிப்பு வந்து விழுந்தவர் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. கோயில் வாசலிலோ கல்யாண மண்டபத்திலோ யாராவது சரிந்து விழுந்தால், “சாவி, சாவி” என்று நாலு பேர் ஓடிவருவார்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் கையில் இருந்த சாவிக்கு வீணாகப் பெயர் கிடைத்துவிடுகிறது.

சாவியைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. விழுந்தவர் எழுந்து, முகம் கழுவி, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, “நான் கிளம்புகிறேன், கார் சாவியைக் கொடுங்கள்” என்கிறார். கொடுக்கலாமா?

இன்று கொடுக்கக்கூடாது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. அடுத்த வாரம்? ஆறு மாதம் கழித்து? மூன்று ஆண்டுகளாக ஒரு வலிப்பும் வராதவருக்கு? இங்கேதான் கருத்துகள் இரண்டாகப் பிரிகின்றன. “ஒரு தடவை வந்தாலும் வாழ்நாள் முழுவதும் தொடக்கூடாது” என்பது ஒரு கட்சி. “அவருக்குத்தான் இப்போது ஒன்றும் இல்லையே” என்பது மறு கட்சி. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். கால்-கை வலிப்பு என்ற சொல்தான் மருவிக் காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள். நாம் காக்கையைச் சேர்த்தோம். சீனர்கள் ஆட்டைச் சேர்த்தார்கள். மலாய்ப் பேச்சுவழக்கில் பன்றியே வந்து சேர்ந்தது. மூன்று இனமும் ஒன்றுபோல இழிவாகப் பெயர் வைத்த நோய் இது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையாகக் கண்டறிந்து சிகிச்சை கொடுத்தால் இவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே இல்லாமல் வாழமுடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசப்போவது பெரும்பாலும் இவர்களைப் பற்றித்தான்.

மூளையின் நரம்பணுக்கள் மின்குறிப்புகள் மூலம் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது பேசினால் நமக்கு நினைவும் அசைவும் ஒழுங்காக இருக்கும். ஒரு பகுதியில் உள்ள அணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கூச்சலிடத் தொடங்கினால் அதுதான் வலிப்பு. கூச்சல் மூளை முழுவதும் பரவினால் ஆள் விழுவார், உடம்பு விறைக்கும், பிறகு உதறும். ஒரு பகுதியோடு நின்றால் ஆள் விழாமலே இருக்கலாம். கண் திறந்திருக்கும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், வாய் எதையோ மெல்லும். ஆனால், எதிரே சிவப்பு விளக்கு எரிவது மனத்தில் பதியாது. பிறகு கேட்டால், “நான் நன்றாகத்தானே ஓட்டினேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் அவர் நினைவிலேயே இல்லை.

இதைச் சாலையில் வைத்துக் கணக்குப் போடுங்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடியில் 30 மீட்டருக்கு மேல் ஓடும். 20 வினாடி நினைவு தப்பினால் 600 மீட்டர். ஒரு நிமிடம் தப்பினால் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். விறைப்பு வந்தால் கால் எண்ணெய் மிதியை அழுத்திக்கொண்டே இருக்கக்கூடும். குடியிருப்புப் பகுதியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 10 வினாடியில் 160 மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு தமிழ்ப்பள்ளியின் வாசலையும் அதன் எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தையும் கடக்க அது போதும்.

“எனக்கு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும், ஓரமாக நிறுத்திவிடுவேன்” என்று சிலர் சொல்வதுண்டு. வயிற்றில் புரட்டல், விநோதமான வாடை, காரணமில்லாத பயம் என்று சிலருக்கு முன்னறிகுறி வருவது உண்மைதான். ஆனால், அந்த முன்னறிகுறியே வலிப்பின் முதல் கட்டம். அடுத்த கட்டம் எத்தனை வினாடியில் வரும் என்று அது சொல்லாது. சில நாள் முன்னறிகுறி இல்லாமலே வலிப்பு வரும். அதை நம்பிக் காரை எடுப்பது பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத காரை எடுப்பதற்குச் சமம்.

அப்படியானால் வாழ்நாள் தடைதான் சரியா? இங்கேதான் கணிதம் நமக்கு உதவுகிறது. வலிப்பு திரும்ப வரும் அபாயம் எல்லாருக்கும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெளிப்படையான காரணம் இல்லாமல் முதல் வலிப்பு வந்த பெரியவர்களில், இரண்டாவது வலிப்பு வரும் வாய்ப்பு முதல் இரண்டு ஆண்டுகளில் 21 முதல் 45 விழுக்காடு என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அதன் பிறகு வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. வலிப்பில்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் ஒரு சான்று. அந்தச் சான்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத சட்டம் அறிவியலைப் பாதியோடு விட்டுவிட்ட சட்டம்.

பிரிட்டன் இந்தப் பாதையில் மெல்ல நடந்து வந்தது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் வலிப்பு உள்ளவருக்குக் கதவை முற்றாக அடைத்தது. 1970இல் மூன்று ஆண்டுகள் வலிப்பில்லாமல் இருந்தால் ஓட்டலாம் என்று திறந்தது. 1982இல் அது இரண்டு ஆண்டாகவும், 1994இல் ஓராண்டாகவும் குறைந்தது. அங்கே இன்று சொந்தக் கார் ஓட்டுபவருக்குப் பொதுவிதி 12 மாதம். அடுத்த ஓராண்டில் வலிப்பு வரும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. லோரி, பேருந்து ஓட்டுநருக்கோ அந்த வாய்ப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆகவே, அவர்கள் மருந்தும் இல்லாமல் வலிப்பும் இல்லாமல் 10 ஆண்டுகளைக் கடந்திருக்கவேண்டும். வண்டியின் எடையும், சாலையில் இருக்கும் நேரமும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கையும் கூடக்கூட விதியும் இறுகுகிறது. நியாயமான ஏற்பாடு.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் இன்னும் ஒரு படி போனது. 1994இல் காத்திருப்புக் காலத்தை 12 மாதத்திலிருந்து 3 மாதமாகக் குறைத்தது. சாலையில் பிணக்குவியல் விழும் என்று அஞ்சியவர்கள் இருந்திருப்பார்கள். முன்னும் பின்னும் நடந்த விபத்துகளை ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வில், வலிப்பால் நேர்ந்த விபத்துகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று தெரிந்தது. 1995 முதல் 1997 வரை அமெரிக்காவில் நடந்த ஓட்டுநர் மரணங்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வில், வலிப்போடு தொடர்புடையவை சுமார் 0.2 விழுக்காடு மட்டுமே. மதுவோடு தொடர்புடையவை அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். வலிப்பு உள்ளவரைக் கண்டு நடுங்கும் நாம், விருந்தில் இரண்டு போத்தல் காலிசெய்துவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு போகும் சொந்தக்காரரை வழியனுப்பி வைக்கிறோம் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால், இந்த எண்களைக் காட்டி யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. ஜப்பானில் 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். தொச்சிகி மாவட்டத்தின் கனுமா நகரில், பள்ளிக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த பிள்ளைகள் மீது ஒரு கிரேன் வண்டி ஏறியது. ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். ஓட்டுநருக்கு வலிப்பு நோய் இருந்தது. முன்பும் விபத்துகள் செய்திருந்தார். லைசென்ஸ் எடுக்கும்போது நோயை மறைத்திருந்தார். முந்திய இரவு மருந்து சாப்பிடவில்லை. அவருக்கு 7 ஆண்டுச் சிறை கிடைத்தது. அன்றைய சட்டத்தில் அதற்கு மேல் கொடுக்க இடமில்லை.

பிள்ளைகளை இழந்த பெற்றோர் கையெழுத்துத் திரட்டினார்கள். 2013இல் சட்டம் மாறியது. அடுத்த ஆண்டு நடப்புக்கு வந்தது. நோய் வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் என்று தெரிந்தே ஓட்டி உயிரைப் பறித்தால் 15 ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் படிவத்தில் நோயைப் பற்றிப் பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். மருத்துவர் விரும்பினால் நோயாளியைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வழி பிறந்தது.

தண்டனையோடு ஜப்பான் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2002 வரை அங்கேயும் முழுத்தடைதான் இருந்தது. அதற்குப் பிறகு, இரண்டு ஆண்டுகள் வலிப்பில்லாதவர் மருத்துவச் சான்றோடு ஓட்டலாம் என்றானது. கனுமா துயரத்துக்குப் பிறகும் அந்தக் கதவை அவர்கள் மீண்டும் அடைக்கவில்லை. மாறாக, நோய் காரணமாக லைசென்சை இழந்தவர் மூன்று ஆண்டுக்குள் குணமாகித் திரும்பினால், சோதனைகளை மறுபடி எழுதாமலே பெற்றுக்கொள்ளலாம் என்று இன்னொரு வாசலைத் திறந்தார்கள். மறைத்தால் தண்டனை, சொன்னால் வழி. இரண்டும் சேர்ந்தால்தான் மனிதன் உண்மை பேசுவான்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, லைசென்சுக்கு மனுச்செய்பவரின் உடல் தகுதியைப் பற்றிப் பேசுகிறது. சாலையில் மற்றவர்க்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோய் தமக்கு இருக்கிறதா என்று மனுதாரர் எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும். வலிப்பு அத்தகைய நோய்களில் ஒன்று. ‘ஆம்’ என்றால் லைசென்ஸ் மறுக்கப்படும். லைசென்ஸ் எடுத்த பிறகு நோய் தெரியவந்தால் அதை மீட்டுக்கொள்ளும் அதிகாரமும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு இருக்கிறது. ஆனால், எத்தனை மாதம் வலிப்பில்லாமல் இருந்தால் மறுபடி ஓட்டலாம் என்ற கணக்கு அந்தப் பிரிவில் இல்லை. உள்ளே வரும் கதவு ஒன்று, வெளியே போகும் கதவு ஒன்று. திரும்பி வரும் கதவு இல்லை.

லோரி, பேருந்து, டாக்சி ஓட்டும் தொழில்முறை லைசென்சுக்காவது மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. சாதாரண காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உங்கள் வாக்குறுதிதான் சாட்சி. இந்த ஏற்பாட்டில் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கோலாலம்பூரில் இருப்பவருக்கு எம்ஆர்டி இருக்கிறது, எல்ஆர்டி இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலோ ரவூப்பிலோ ஒரு தோட்டத்து ஓரத்தில் இருப்பவருக்கு மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் வேலை இல்லை, மருந்தெடுக்கப் போகக்கூட வழி இல்லை. அவரிடம், “உண்மையைச் சொன்னால் இனி எப்போதும் ஓட்டமுடியாது” என்றால், அவர் உண்மையை மறைப்பார். லைசென்ஸ் படிவத்தில் மட்டுமல்ல, மருத்துவரிடமும் மறைப்பார். “போன மாதம் வலிப்பு வந்ததா?” என்று கேட்டால், “இல்லை டாக்டர்” என்பார். மருந்தின் அளவு கூடாமலே போகும். வலிப்பு அடங்காமலே இருக்கும். அவர் மட்டும் சாலையில் இருப்பார். பாதுகாப்புக்காகப் போட்ட தடை பாதுகாப்பைக் குலைக்கும் இடம் இதுதான்.

ஆகவே, நான் கேட்பது மூன்று. ஒன்று, சொந்த வாகனத்துக்கு ஒரு தெளிவான காலக்கணக்கு. மருத்துவர் சான்றோடு 12 மாதம் என்று பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் வைத்திருப்பது நமக்கும் பொருந்தக்கூடிய அளவு. இரண்டு, தொழில்முறை லைசென்சுக்கு இன்றைய கண்டிப்பில் எள்ளளவும் தளர்வு வேண்டாம். 40 பேரை ஏற்றிய பேருந்துக்கும் ஒரு மைவிக்கும் ஒரே தராசு கூடாது. மூன்று, தாமாக முன்வந்து லைசென்சை ஒப்படைப்பவர் குணமானதும் சிரமமில்லாமல் திரும்பப்பெறும் வழி. இதற்கு மேல், மருத்துவர்கள் எல்லாரும் கட்டாயம் புகார் செய்யவேண்டும் என்ற விதியை நான் ஆதரிக்கவில்லை. கலிபோர்னியா உட்பட அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் அப்படி ஒரு விதி உண்டு. அது நோயாளியை மருத்துவரிடமே வாய்மூடச் செய்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. சொல்லியும் கேளாமல் ஓட்டுபவரைப் பற்றி மட்டும் மருத்துவர் தெரிவிக்கலாம் என்பது நடுவழி.

சட்டம் மாறும் வரை என்ன செய்வது? இங்கே நான் வலிப்பு உள்ள வாசகரோடு நேராகப் பேசவேண்டியிருக்கிறது. சட்டத்தில் குறை இருப்பது உங்களுக்குச் சாவி எடுக்கும் உரிமையைத் தந்துவிடாது. விதி நியாயமில்லை என்று நாம் வாதாடலாம்; அந்த வாதத்துக்கு நடைபாதையில் போகும் பிள்ளை விலை கொடுக்கக்கூடாது. உங்களுக்கு வலிப்பு வந்திருந்தால், மயக்கம் என்று பெயர் மாற்றிச் சொல்லாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். “நான் வண்டி ஓட்டுகிறேன்” என்பதையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவசரத்தில் அவர் கேட்க மறந்திருக்கலாம். அவர் நிறுத்தச் சொன்னால் அன்றே நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிளும் வாகனம்தான். “பக்கத்துக் கடைக்குத்தானே” என்பதும் சாலைதான். விபத்து நேர்ந்து, நோயை மறைத்தது தெரியவந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க நீங்களே காரணம் எடுத்துக்கொடுத்தவர் ஆவீர்கள்.

மருந்து விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வலிப்பில்லாமல் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆராய்ந்து, 1991இல் முடிவை வெளியிட்டது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக மருந்தை நிறுத்தியவர்களில் 41 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுக்குள் வலிப்பு திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 22 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மேற்பார்வையோடு நிறுத்தியவர்களுக்கே இந்தக் கதி. தாமாக, திடீரென்று நிறுத்துவது இதைவிட ஆபத்து. இதனால்தான் மருந்தைக் குறைக்கும் காலத்திலும் அதன் பிறகு ஆறு மாதமும் ஓட்டவேண்டாம் என்று பிரிட்டனில் அறிவுறுத்துகிறார்கள்.

தூக்கமும் மருந்தைப் போலத்தான். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து, இரவெல்லாம் விழித்து, பத்துமலைக்குப் போய்வந்து, மருந்து வேளை தவறி, விடியற்காலையில் ஈப்போவுக்குத் திரும்பக் காரை எடுப்பது வலிப்பு உள்ளவருக்கு நாமே வலிய வரவழைக்கும் ஆபத்து. தூக்கமின்மை, தவறிய மருந்து, மது, காய்ச்சல் இவை நான்கும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. முருகன் மருந்து சாப்பிடுவதைத் தடுக்கவில்லை. காவடியைத் தோளில் எடுங்கள். ஸ்டியரிங்கைத் தம்பியிடம் கொடுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆவது” என்று நோயை மறைக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். மறைக்கப் பழகியவர் சாலையிலும் மறைப்பார். “ஓட்டாதே” என்று சொல்வது எளிது. ஓட்டாதவரை யார் வேலைக்குக் கொண்டுபோய் விடுவது, யார் கிளினிக்குக்கு அழைத்துப்போவது என்று உட்கார்ந்து பேசி முறைபோட்டுக்கொள்வதுதான் குடும்பம். முதலாளிகளும் இதைக் கேட்கவேண்டும். லோரி ஓட்டுநருக்கு வலிப்பு என்று தெரிந்ததும் கணக்கை முடித்து அனுப்பினால், அடுத்த கம்பெனியில் அவர் வாயைத் திறக்கமாட்டார். கிடங்கிலோ அலுவலகத்திலோ ஒரு வேலை கொடுத்தால் ஒரு குடும்பமும் பிழைக்கும், சாலையும் பிழைக்கும்.

கடைசியாக, யாராவது உங்கள் கண்முன்னே வலிப்பு வந்து விழுந்தால் சாவியைத் தேடாதீர்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். பக்கத்தில் உள்ள கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். வாயில் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999ஐ அழையுங்கள். இதுவே முதல் வலிப்பு என்றாலும், அடிபட்டிருந்தாலும், நினைவு திரும்பாமல் இருந்தாலும் காத்திருக்கவேண்டாம், உடனே அழையுங்கள்.

அவர் எழுந்த பிறகு வீடு வரை நீங்களே கொண்டுபோய் விடுங்கள். அடுத்த சில மாதம் அவர் ஓட்டாமல் இருப்பதற்கு உங்களால் என்ன உதவி செய்யமுடியும் என்றும் வழியிலேயே கேட்டுவிடுங்கள்.